மல்லிகைத் தூரில் கோரை: ஒருவழியாக அடங்கியது

சித்திரை பிறந்துவிட்டது, மல்லிகைப் பாத்தியில் கோரைக் களையைக் காணோம். வரப்போரம் ஒன்றிரண்டு குருத்து எட்டிப் பார்ப்பதோடு சரி. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா!

களைக்கொல்லி மருந்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளைபோசேட் மண்ணுக்குள் இருக்கும் கோரைக் கிழங்கு வரை இறங்கும்தான், ஆனால் மல்லி இலையில் சாரல் பட்டால் செடிக்கே ஆபத்து. ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் உள்ளது. நன்றாகப் பூக்கும் பழைய தூர்களை வைத்துச் சோதனை செய்ய எனக்கு மனசில்லை.

நவம்பர் கடைசியில் 50 செ.மீ. உயரத்துக்குக் கவாத்து செய்ததும் தூரடியில் கை நுழைய இடம் கிடைத்தது. மண்வெட்டி வேண்டவே வேண்டாம். மல்லியின் சல்லிவேர் மேலாகவே ஓடுகிறது. கோரையும் வெட்டுப்பட்டு, கிழங்குகளைக் கோத்திருக்கும் சரம் அறுந்தால், அதுவரை உறங்கிய கிழங்கெல்லாம் விழித்துக்கொள்ளும். புல்லை மட்டும் பிடுங்கினாலும் அதே கதைதான்.

வேலை முழுக்கக் கம்பியில்தான் இருக்கிறது. பட்டறையில் 8 எம்.எம். கம்பியின் நுனியைத் தட்டையாக அடித்து வாங்கினேன். கடையில் விற்கும் களைக்கொத்தைவிட இது பத்து மடங்கு மேல். சாயங்காலம் தண்ணீர் விட்டு மறுநாள் காலையில் உட்கார வேண்டும். குருத்தின் அடியில் முதல் குமிழ் இருக்கும். அதிலிருந்து விறைப்பான ஒரு இழை பக்கவாட்டில் ஓடும். அதை இழுக்காதீர்கள். சுற்றியுள்ள மண்ணை மட்டும் நெம்பிவிட்டு, இழையை விரலால் தடவிக்கொண்டே போனால் அடுத்த கிழங்கு தட்டுப்படும், அப்புறம் அதற்கடுத்தது. பெரும்பாலும் மேல் 15 செ.மீ.க்குள் முடிந்துவிடும். கறுத்த தோலை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைச் சதை, மூக்கில் ஏறும் வாசனை. சரம் முழுசாகக் கையில் வரும்போது கிடைக்கிற திருப்தி தனி.

எடுத்ததை எருக்குழியில் போடாமல் மொட்டைமாடியில் சுருங்கிப்போகும்வரை காயவிட்டேன். குளியல் பொடிக்கென்று கொஞ்சத்தை அத்தை அள்ளிக்கொண்டு போனார். தப்பி முளைத்தவற்றை நாலு இலை விடும் முன்பே, புதுக் கிழங்கு வைப்பதற்குள், அதே கம்பியால் எடுத்தேன். பிளாஸ்டிக் விரிப்பு பயன்படாது. கோரையின் ஊசிமுனை அதைத் துளைத்துக்கொண்டு வரும்.

இந்தக் கோரை வந்ததே லோடாக வாங்கிய வண்டல்மண்ணில். விற்றவர் ‘சுத்தமான மண்’ என்று அடித்துச் சொன்னார். இனி எந்த மண்ணானாலும் ஒரு தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, என்ன முளைக்கிறது என்று பார்த்த பிறகுதான் பாத்திக்குள் போகும்.

கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் வரிசைகளுக்கு நடுவே விதைக்கச் சணப்பு என்ற பசுந்தாள் உரச்செடி விதை வாங்கி வைத்திருக்கிறேன். செத்துப்போன தூர்களின் இடத்துக்குத் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்து மல்லி நாற்று வர வேண்டும். நந்தியாவட்டை ஓரம் இன்னும் பாதி பாக்கி. அங்கே அருகம்புல்லும் கலந்து கிடப்பதால் கம்பி மட்டும் போதாது, ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கும்.