லெவனுக்கு வெளியே வீசப்படும் ஓவர்கள்

2025 ஜூலையில் இங்கிலாந்துக்கு எதிரான எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ராவை உட்காரவைத்தபோது பலருக்கும் கோபம் வந்தது. லீட்ஸில் தோற்று, தொடரில் பின்தங்கியிருந்த நேரம். நடுவில் ஒரு வாரம் இடைவெளியும் கிடைத்திருந்தது. ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்பது முன்பே முடிவான விஷயம். அவர் இடத்தில் வந்த ஆகாஷ் தீப் 10 விக்கெட் எடுத்தார், இந்தியா 336 ரன்னில் வென்றது. உடனே பேச்சு முழுக்க ஓய்வு சரியா தவறா என்றே ஓடியது. பணிச்சுமைக் கணக்கு பார்ப்பவருக்கு அந்த வெற்றியில் தோன்ற வேண்டிய கேள்வி இன்னொன்று: லீட்ஸில் ஆடாமல் இருந்த நாட்களில் ஆகாஷ் தீப் எத்தனை பந்து வீசினார்?

வீரர்களை மாற்றி மாற்றி ஆடவைக்கும் சுழற்சி முறையில் எல்லோரும் ஓய்வெடுப்பவரையே பார்க்கிறோம். உள்ளே வருபவரின் உடல் அந்த வாரச் சுமைக்குத் தயாரா என்பதில்தான் அந்த முறையே நிற்கிறது.

கணக்கைப் பந்துகளில் வைக்க வேண்டும். ஓவர்களில் வைத்தால் வலைப்பயிற்சி காணாமல் போய்விடும். ஆட்டம், வலை, காலை வார்ம்-அப் மூன்றும் சேர வேண்டும். பாதி ரன்-அப்பில் (வீசுமுன் ஓடிவரும் ஓட்டம்) வீசியதைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். கடந்த 7 நாள் மொத்தத்தை, கடந்த 28 நாளின் வாரச் சராசரியால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். டி20 லீக்கில் ஆடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், 48 பந்து. வலையில் 60 சொச்சம். ஆகமொத்தம் 110. அவரே டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் இருபது இருபது ஓவர் வீசினால் 240 பந்து. விகிதம் 1.7-ஐ நெருங்குகிறது. ஒன்றரைக்கு மேல் போனாலே கவனம் வேண்டும் என்பது பொதுவான எச்சரிக்கைக் கோடு. இந்த விகிதத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அதை விதியாகப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஆடவிடாமல் தடுப்பது தவறு. ஆனாலும் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.

110-லிருந்து வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 132, 158, 190, 228. டெஸ்ட் சுமையை எட்ட நான்கு வாரத்துக்குமேல் ஆகிறது. 2025-இல் ஐபிஎல் இறுதி ஆட்டம் ஜூன் 3, லீட்ஸ் டெஸ்ட் ஜூன் 20. இடையில் 17 நாள்தான். அதனால் லீக் நடக்கும்போதே, ஆட்டம் இல்லாத நாட்களில், டெஸ்டுக்கான சிவப்புப் பந்தில் நீண்ட ஸ்பெல்களை (ஒரே மூச்சில் வீசும் ஓவர்கள்) தொடங்கிவிட வேண்டும். லீக் அணியில் கணக்கு வைப்பவர் ஒருவர், இந்திய அணியில் வைப்பவர் ஒருவர். இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றால் பாதி பந்துகள் எந்த ஏட்டிலும் ஏறாது. இன்னொரு சிக்கலும் உண்டு. திடீர்ச் சுமையின் விளைவு அந்த வாரமே தெரிய வேண்டும் என்பதில்லை. மூன்று நான்கு வாரம் கழித்து, சாதாரண ஒரு பயிற்சி நாளில் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். அன்றைய வார்ம்-அப்பின்மேல் பழி போடுவோம். ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினால்தான் உண்மையான நாள் அகப்படும்.

2024 டிசம்பரில், ஆஸ்திரேலியத் தொடரின் மெல்போர்ன் டெஸ்டில், பும்ரா 53.2 ஓவர் வீசினார், அதாவது 320 பந்து. அடுத்த டெஸ்டிலேயே, சிட்னியில், முதுகு பிடித்துக்கொண்டு இரண்டாவது இன்னிங்ஸில் வீச முடியாமல் போனது. அந்தத் தொடரில் 32 விக்கெட் எடுத்தவர், பிறகு சாம்பியன்ஸ் டிராபியையும் இழந்தார். அணியின் ஆழம் என்றால் பெஞ்ச், அதாவது லெவனுக்கு வெளியே காத்திருப்பவர்கள், மட்டும் என்று நினைப்பது குறை. மூன்றாவது, நான்காவது பந்துவீச்சாளர்கள் ரன்னைக் கட்டிப்போட்டால்தான் கேப்டன் முதல் ஆளை நான்காவது ஸ்பெல்லுக்குக் கூப்பிடாமல் இருப்பார். சுழற்சி லெவனுக்குள்ளேயே ஆரம்பிக்கிறது.

இனி பெஞ்சுக்கு வருவோம். டெஸ்ட் நடக்கும்போது வெளியே இருக்கும் வேகப்பந்து வீச்சாளர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிக்கொண்டே இருப்பார். பார்க்க உழைப்பாகத் தெரியும்; பந்து வீசும் முதுகுக்கு அது எதுவுமே தருவதில்லை. மதிய இடைவேளையில் பக்கத்து ஆடுகளத்தில், ஸ்பைக்ஸ் போட்டு, முழு ரன்-அப்பில் ஆறு ஓவராவது வீச வேண்டும். அந்தத் தொடரில் பயன்படும் பந்திலேயே வீச வேண்டும்: இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா, இந்தியாவில் எஸ்ஜி. புதிது ஒன்று, நாற்பது ஓவர் தேய்ந்தது ஒன்று. கோட்டில் ஒருவரை நிறுத்தி நோ-பால் பார்க்கச் சொல்ல வேண்டும். வலையில் யாரும் சொல்லாததால்தான் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

பலர் தவறவிடுவது ஒன்று. ரிசர்வ் வீச்சாளர் ஒரே மூச்சில் 36 பந்து போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். ஆட்டத்தில் அப்படி நடப்பதே இல்லை. ஐந்து ஓவர் வீசி, பைன் லெக்கில் நின்று உடல் ஆறிய பிறகு மீண்டும் பந்து கைக்கு வரும். அதையே பயிற்சியிலும் செய்ய வேண்டும்: ஐந்து ஓவர், நாற்பது நிமிடம் இடைவெளி, மறுபடி ஐந்து ஓவர். இரண்டாவது ஐந்தில் வேகம் எவ்வளவு இறங்குகிறது, முன்னங்கால் எங்கே விழுகிறது என்று பார்த்தால் அவர் தயாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பிரிஸ்பேனில் நடந்ததை அதிசயம் என்கிறார்கள். ஷமி, உமேஷ், ஜடேஜா, அஸ்வின், பும்ரா எல்லோரும் காயம். சிராஜுக்கு இரண்டு டெஸ்ட் அனுபவம், சைனிக்கு ஒன்று, ஷர்துல் தாக்கூர் தன் ஒரே டெஸ்டில் வீசியிருந்தது 10 பந்து. நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகம். அதிலும் சைனி முதல் இன்னிங்ஸில் தொடை இடுக்குத் தசைப் பிடிப்பால் பாதியில் வெளியேறினார். ஆனாலும் 186-க்கு 6 என்ற நிலையிலிருந்து சுந்தரும் ஷர்துலும் 123 ரன் சேர்த்தார்கள். சிராஜ் 73 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். 328 ரன் இலக்கு எட்டப்பட்டது. நடராஜன் வலைப் பந்துவீச்சாளராகப் போனவர். ஒருநாள், டி20 தொடர்கள் முடிந்த பிறகும் சுந்தரையும் அவரையும் டெஸ்ட் அணியோடு நிறுத்திவைத்துக்கொண்டார்கள். அந்த முடிவுதான் அங்கே பலன் தந்தது. அதற்கு முன்னால், இந்தியாவின் இரண்டாம் நிலை அணியான ஏ அணிப் பயணத்துக்குக் கூட்டிப்போன எல்லோருக்கும் ஆட்டம் தர வேண்டும் என்று அதன் பயிற்சியாளராக இருந்த டிராவிட் வைத்திருந்த ஒழுங்கும் இருக்கிறது.

ஓய்வைத் தேதி பார்த்து மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கடுத்த மாதமே சேப்பாக்கம் சாட்சி. முதல் டெஸ்டில் இங்கிலாந்து 227 ரன்னில் வென்றது. மூன்றே நாள் இடைவெளியில் அடுத்த டெஸ்ட். 38 வயது ஆண்டர்சனுக்கு ஓய்வு. அதில் குற்றம் சொல்ல முடியாது. மொயீன் அலி இரண்டாவது டெஸ்டில் 8 விக்கெட் எடுத்துவிட்டு, முன்பே பேசிவைத்தபடி வீட்டுக்குப் போனார். அகமதாபாத்தில் லீச் ஒருவரே முழுநேரச் சுழல். பகுதிநேரம் வீசும் ரூட் 8 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்ததைப் பார்த்தால் அங்கே எது குறைந்தது என்று புரியும். கோவிட் காலத்தின் நீண்ட தனிமைக் கட்டுப்பாட்டில் இருந்த வீரர்கள் வீட்டுக்குப் போனது மனிதத்தன்மையுள்ள முடிவு. போகிறவரின் இடத்தில் யார் என்பதும் அதே நாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பேட்டர்களுக்கு இந்தக் கணக்கு பெரிதாகப் பொருந்தாது. அவர்களை உடல் காரணமாக அடிக்கடி மாற்றுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

வலியை மறைப்பதுதான் ஆக மோசமான பிரச்சினை. வெளியே நிற்பவர் நன்றாக வீசுகிறார் என்றால் உள்ளே இருப்பவர் பிசியோவிடம் "சரியாத்தான் இருக்கு" என்பார். காலை படுக்கையிலிருந்து எழும்போது இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் குத்துகிறது என்பதைச் சொல்லவே மாட்டார். இளம் வீச்சாளர்களின் முதுகெலும்பில் வரும் அழுத்த முறிவுக்கு அப்படி ஒரு பக்கமாக வரும் வலிதான் பல நேரம் முதல் அறிகுறி. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கம்மின்ஸ் 2011-இல் 18 வயதில் அறிமுகமாகி, அடுத்த டெஸ்ட் ஆட 2017 மார்ச் வரை காத்திருந்தார். ஓய்வு கொடுக்கும்போதே எந்த ஆட்டத்தில் திரும்புவார் என்று தேதியோடு சொல்லிவிட்டால் வாய் திறப்பார்கள். டாஸுக்கு அரைமணி நேரம் முன்னால் சொன்னால் திறக்க மாட்டார்கள்.

பெஞ்சிலிருந்து விடுவிக்கப்பட்டு மாநில அணிக்குப் போகிறவரோடு அவருடைய 28 நாள் ஏடும் போக வேண்டும். இந்திய அணியோடு மூன்று வாரம் இருந்தவர் நன்றாக ஓய்வெடுத்திருப்பார் என்று நினைத்து, ரஞ்சி ஆட்டத்தின் முதல் நாளே 22 ஓவர் கொடுத்துவிடுவார்கள். அந்த மூன்று வாரத்தில் அவர் முழு ரன்-அப்பில் வீசியது எத்தனை பந்து என்ற எண், அவர் விமானம் ஏறுவதற்குள் அங்கே இருக்கும் டிரெயினருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.