கழுவிய காசு

மதிய மணி அடித்ததும் எல்லாரும் மைதானத்துக்கு ஓட, காசு சேகரிக்கும் நாங்கள் நாலைந்து பேர் மட்டும் கடைசி பெஞ்சைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருப்போமே, நினைவிருக்கிறதா? 'சில்லறைக் கூட்டம்' என்று எங்களைக் கிண்டல் செய்தவர்களில் சிலர் இப்போது இந்தப் பழைய மாணவர் மலரின் குழுவில் இருக்கிறார்கள். இதை வெட்டாமல் போடுவார்கள் என்று நம்புகிறேன்.

புதிதாக ஒரு வெளிநாட்டுக் காசு கிடைத்தால், எந்த நாடு என்று சொல்லாமல் அடுத்தவன் உள்ளங்கையில் வைக்க வேண்டும், அதுதான் எங்கள் சட்டம். அவன் கண்டுபிடிக்கிற வரை பாடம் எதுவும் மண்டையில் ஏறாது. சுவிட்சர்லாந்தின் 1 பிராங்க் காசில் அந்நாட்டின் லத்தீன் பெயரான 'ஹெல்வெட்டியா' என்றுதான் இருக்கும். அட்லஸ் முழுக்கத் தேடிவிட்டு, அப்படி ஒரு நாடே இல்லை, இது போலிக் காசு என்று தீர்ப்பு எழுதினோம். சோவியத் காசை 'சி.சி.சி.பி.' என்று படித்தோம், அவர்கள் எழுத்தில் அது எஸ்.எஸ்.எஸ்.ஆர். என்று புவியியல் ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்தது. ஒருவன் நேபாளக் காசைக் கொண்டுவந்து அதில் 2039 என்று இருப்பதாகப் படித்துக்காட்டியபோது, இன்னும் பிறக்காத வருஷத்துக் காசு என்று ஒரு வாரம் பள்ளியே அவன் பின்னால் சுற்றியது. நேபாளத்தில் புழங்கும் விக்கிரம ஆண்டு நம் ஆங்கில வருஷக் கணக்கைவிடக் கிட்டத்தட்ட 57 வருஷம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எங்களை நிஜமாகவே திணறடித்தது ஜப்பானின் 5 யென். பித்தளை நிறம், நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பல்சக்கரம், அதன் மேல் வளைந்து தொங்கும் நெற்கதிர், கீழே தண்ணீர் மாதிரி கோடுகள். நமக்குத் தெரிந்த எண் ஒன்றுகூட அதில் கிடையாது, மதிப்பும் வருஷமும் எல்லாம் அவர்கள் எழுத்தில்தான். வருஷமும் பேரரசரின் ஆட்சிக் கணக்கில் இருக்கும், ஷோவா 50 என்றால் 1925-ஐக் கூட்டி 1975 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் பின்னால் படித்தது. அன்று அதை நூலில் கோத்துச் சுழற்றியதோடு எங்கள் ஆராய்ச்சி முடிந்தது.

சரி, நான் செய்த பாவத்துக்கு வருகிறேன். என் பக்கத்து இடத்துக்காரனுக்கு 1917-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் பென்னி ஒன்று கிடைத்தது. கையில் வைத்தால் உள்ளங்கை நிறையும், ஏறக்குறைய 31 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், சுற்றிலும் லத்தீன் சுருக்கெழுத்து, கடைசியில் 'இந்தியாவின் பேரரசர்' என்பதற்கான இரண்டு துண்டுச் சொற்கள். மறுபக்கம் சூலத்தோடு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா, பிரிட்டனைப் பெண்ணாக வரைந்த உருவம். நல்ல அடர் பழுப்பு. ஒரு இரவு கடன் வாங்கிப் போன நான், அழுக்காக இருக்கிறதே என்று பற்பசையும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துத் தள்ளினேன். மறுநாள் இளஞ்சிவப்பாகப் பளபளத்த காசைப் பெருமையோடு நீட்டினேன். அவன் வாங்கிப் பார்த்தான், பையில் போட்டுக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பழுப்புதான் வெண்கலத்துக்கு வயது தந்த தோல், அதை உரித்தால் காசின் மதிப்பும் கூடவே போய்விடும் என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது.

போன ஒன்றுகூடலுக்கு அவன் வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருக்க, சத்தமில்லாமல் என் உள்ளங்கையில் கனமான வெள்ளிக்காசு ஒன்றை வைத்தான். அதே பழைய சட்டம். முக்காடிட்ட பருத்த அம்மா, 1780. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவின் 'தாலர்' வெள்ளிக்காசு! இந்த வருஷத்தை நம்பவே கூடாது, அவர் இறந்தது 1780-இல், அதற்கப்புறமும் அதே வருஷத்தைப் போட்டு வியன்னா, ரோம், லண்டன், ஏன் பம்பாயில்கூட அடித்துத் தள்ளினார்கள். அந்தக் காலத்தில் எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும் வியாபாரிகள் வேறு காசைத் தொட மாட்டார்களாம். விளிம்பைத் திருப்பிக் காட்டினான், 'நீதியும் கருணையும்' என்று லத்தீனில் புடைத்த எழுத்து. விளிம்பைப் பார்க்காதவன் பாதிக் காசைத்தான் பார்த்திருக்கிறான் என்பது என் கட்சி.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து அந்தப் பென்னியை எடுத்தான். பழுப்பு திரும்பியிருந்தது, ஆனால் திட்டுத் திட்டாக. லென்ஸை நீட்டி, "ராஜா கழுத்துப் பக்கம் பாரு, உன் பிரஷ் போன தடம்" என்றான். மெல்லிய கீறல்கள், வட்ட வட்டமாக.

நானும் வெறுங்கையோடு போகவில்லை. அதே 1917, தொடாத பழுப்பில் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருந்தேன், கொடுத்தேன். நன்றி சொல்வான் என்று பார்த்தால், லென்ஸைக் கண்ணில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இதைக் கழுவலையே?"