லெனேசியா வீட்டில் ஒரு மின்னல் உணரி

ஜோகன்னஸ்பர்க் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில், ஹைவெல்ட் பீடபூமியின் மேல் அமைந்திருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை, காலையில் தெளிந்திருக்கும் வானம் பிற்பகலில் கறுத்து, இடித்துக் கொட்டிவிட்டு, இருட்டுவதற்குள் மீண்டும் வெளுத்துவிடும். மின்னல் ஆய்வில் இந்நகருக்குத் தனி இடம் உண்டு: 1930களில் இயற்பியலாளர் பேசில் ஷான்லண்டும் அவருடைய துணைவர்களும் பாய்ஸ் கேமராவைக் கொண்டு எடுத்த படங்களில்தான், மின்னல் ஒரே பாய்ச்சலாக இறங்காமல் விட்டுவிட்டுப் படிகளாக இறங்குவது தெளிவாயிற்று. இத்தகைய ஊரில், இடி காதில் விழுந்த பிறகு ஓடிப்போய் வாயிற்கதவு மோட்டாரின் இணைப்பைக் கழற்றுவது போதாது என்று தோன்றியதால், லெனேசியாவில் உள்ள எங்கள் வீட்டில் மின்னல் உணரி ஒன்றை அமைத்தேன்.

பொழுதுபோக்காளர்கள் பலரும் பயன்படுத்தும் ஏஎஸ்3935 என்ற சில்லையே நானும் எடுத்துக்கொண்டேன். சுருள் ஆன்டெனாவுடன் சிறு பலகையில் பொருத்தியே கிடைக்கிறது. மின்னல் வெட்டும்போது ஒளியோடு வானொலி அலைகளும் கிளம்புகின்றன. அவற்றில் 500 கிலோஹெர்ட்ஸை ஒட்டியவற்றை இச்சில்லு கேட்கிறது. (ஒரு காலத்தில் கப்பல்கள் ஆபத்தில் மோர்ஸ் குறிகளால் உதவி கோரிய அலைவரிசையும் இதுவே.) வந்த துடிப்பின் வடிவத்தை ஆராய்ந்து, அது மின்னலா, மனிதர் உண்டாக்கிய இடையூறா என்று தீர்மானித்து, மின்னலாக இருந்தால் இடிமழையின் முன்விளிம்பு எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற மதிப்பீட்டைத் தருகிறது. அந்த எண் 40, 37, 34 கிலோமீட்டர் என்று படிகளாகக் குறைந்து 5 வரை வரும். அதற்கும் கீழே தலைக்கு மேல் என்று பொருள். திசையை இது சொல்லாது.

கம்பிகளை இணைக்கும் வேலை எளிது. இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையோடு, இரு கம்பிகளில் தரவை அனுப்பும் ஐ2சி முறையில் இணைத்து, துடிப்பு பதிவானதைப் பலகைக்கு உடனே அறிவிக்கும் முனைக்குத் தனியாக ஒரு கம்பி கொடுத்தால் முடிந்தது. ஆன்டெனாவைச் சரியான அலைவெண்ணுக்குக் கொண்டுவருவதை மட்டும் தவிர்க்கக் கூடாது. சில்லு தன் அலைவெண்ணை 16ஆல் வகுத்து வெளியிடும்படி செய்து, அங்கே 31.25 கிலோஹெர்ட்ஸ் வருகிறதா என்று எண்ணிப் பார்த்து, உள்ளிருக்கும் மின்தேக்கிகளை 8 பிக்கோஃபாரட் படிகளில் கூட்டியும் குறைத்தும் 3.5 விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் நிறுத்த வேண்டும்.

உண்மையான உழைப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனெனில் மின்னலைக் கேட்பது சில்லுக்குக் கடினமில்லை. வீட்டுச் சாதனங்கள் எழுப்பும் மின் இரைச்சலைக் கேட்காமல் இருப்பதுதான் கடினம். மலிவான எல்ஈடி விளக்குகள், தொலைபேசி சார்ஜர்கள், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் ஆகியவை எல்லா நாடுகளிலும் தரும் தொல்லைகள். தென்னாப்பிரிக்க வீடுகளில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டால் வாங்கி மாட்டிய இன்வெர்ட்டர், மதில் மேல் ஓடும் மின்வேலி. இன்வெர்ட்டர் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி இணைப்பதால் ஓயாத இரைச்சல் எழுகிறது. மின்வேலியோ நொடிக்கு ஏறக்குறைய ஒரு துடிப்பை அனுப்புகிறது. மழையில் நனைந்த கிளை கம்பியில் உரசினால் அங்கே பொறியும் பறக்கிறது. ஆயினும் பதிவேட்டில் அதைக் கண்டுபிடித்துவிடலாம்: எந்த மின்னலும் கடிகாரம் பார்த்து வெட்டுவதில்லை.

இரைச்சலின் பிறப்பிடத்தைக் கண்டறியப் பழைய ஏஎம் வானொலிப் பெட்டியைவிட நல்ல கருவி இல்லை. நிலையம் எதுவும் இல்லாத இடத்தில், 530 கிலோஹெர்ட்ஸை ஒட்டி முள்ளை நிறுத்தி, அறை அறையாக எடுத்துச் சென்றால், குற்றவாளியின் அருகே கரகரப்பு உயரும்.

சில்லில் பொய்த் துடிப்புகளை ஒதுக்க இரைச்சல் மட்டம், கண்காணிப்பு வரம்பு, கூர்முனை விலக்கல் என மூன்று அமைப்புகள் உண்டு. அவற்றை எல்லாம் உயர்த்திவிட்டால் பொய்யான அறிவிப்புகள் நின்றுவிடும். ஆனால் 30 கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டும் மின்னலும் சேர்ந்தே காணாமற்போகும். ஆகவே முதலில் இடத்தை மாற்றுவது, அடுத்துச் சுருளைத் திருப்பிப் பார்ப்பது, வரம்புகளைத் தொடுவது கடைசியில் என்பதே என் கருத்து. எங்கள் உணரி இன்வெர்ட்டரிலிருந்து விலகி, பின்கட்டுச் சுவரில், வைஃபை பேசும் பலகையிலிருந்தும் சற்றுத் தள்ளி, பேட்டரியில் ஓடுகிறது. 15 நிமிடங்களுக்குள் 5 மின்னல்கள் பதிவானால் மட்டும் அறிவிக்கும்படி வைத்ததில் எஞ்சிய பொய்களும் பெரிதும் குறைந்தன.

அருகிலுள்ள மின்னலைச் சரிபார்க்க, ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நொடிகளை 3ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். இடியோசை எட்டாத தொலைவுக்கு பிளிட்சோர்டுங் என்ற தன்னார்வலர் வலையமைப்பின் வரைபடத்தைப் பார்க்கிறேன். பல நிலையங்களுக்கு அலை வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு அது மின்னலின் இடத்தையே குறிக்கிறது.

ஆயா இன்றும் இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லிக் கண்ணாடிகளைத் துணியால் மூடுகிறார். இப்போது எண் எவ்வளவு என்று கேட்டுவிட்டு மூடுகிறார். ஹைவெல்டில் மேகம் நம் தலைக்கு மேலேயே திரண்டு, முதல் வெட்டே அருகில் விழுவதும் உண்டு என்பதால், திரையில் எண் இல்லாததைப் பாதுகாப்பு என்று கொள்ளக் கூடாது. எண் 17க்கு இறங்கியதும் வாயிற்கதவு மோட்டார், இணைய ரவுட்டர், தொலைக்காட்சி என்ற வரிசையில் இணைப்புகளைக் கழற்றுகிறோம். வானம் ஏற்கெனவே கறுத்திருந்தால் எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை.