இடது காது

"மாப்ளே, இந்தப் பக்கம் வா."

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நான் இடப்பக்கம் உட்கார்ந்ததும் மாமா சொன்னார். பட்டாளத்துக்காரர், இடது காது மந்தம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் துப்பாக்கி முனைக்குப் பக்கம். வெடிச்சத்தம் 140 டெசிபல் தாண்டினாலே காதுக்குக் கேடு. ஒரு தோட்டா அதையும் மிஞ்சும்.

(அத்தை கூப்பிட்டால் இரண்டு காதும் கேட்காது, அது வேறு கதை.)

ராணுவங்கள் சோதித்துப் பார்க்கும் ஹெட்செட்டைப் போனில் காட்டினேன். வெடிச்சத்தத்தை அமுக்கிவிடும், பக்கத்து ஆள் பேச்சும் வயர்லெஸ் குரலும் கேட்கும்.

"எங்களுக்குப் பஞ்சுதான். அதையும் பிடுங்கிப் போட்டுருவோம். ஆர்டர் காதுல விழணும்ல?"

காதை மூடினால் உத்தரவு போகும், திறந்தால் காதே போகும். இத்தனை நாள் சிக்கல் இதுதான் போல.

தேனி பஸ் ஹாரனை அலறவிட்டு உள்ளே நுழைந்தது. டீ மாஸ்டர் முகம் சுளித்தார். மாமா நிதானமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.