டிவிடி ரைட்டர்: ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும்

ஒரே சாட்டா டிவிடி ரைட்டர், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த 16எக்ஸ் (அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு) டிவிடி+ஆர் டிஸ்க்குகள். பழைய ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) எழுதியதையும் புதியதில் எழுதியதையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்ட குறிப்பு இது.

முதலில் மீடியா ஐடி, அதாவது டிஸ்க்கைச் செய்தது யார், எந்த வகை என்று டிஸ்க்கிலேயே பதிந்திருக்கும் குறியீடு. டிஸ்க்கின் மேல் அச்சிட்ட பிராண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே பிராண்டுக்குப் பல ஆலைகள் டிஸ்க் செய்து தருகின்றன. காலி டிஸ்க்கைப் போட்டு இம்ஜ்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளைத் திறந்தால் வலப்பக்கம் ஐடி தெரியும். மிட்சுபிஷி கெமிக்கலின் 16எக்ஸ் டிவிடி+ஆர் என்றால் எம்சிசி 004, தாயோ யூடனின் 16எக்ஸ் டிவிடி-ஆர் என்றால் டிஒய்ஜி03. லேசர் பல்ஸின் நீளம், பவர் எல்லாம் இந்த ஐடிக்கு ஏற்ப ஃபர்ம்வேரிலேயே இருக்கின்றன. ஐடி அங்கே இல்லையென்றால் டிரைவ் பொதுவான ஒரு கணக்கில் எழுதும், வேகத்தையும் குறைத்துவிடும். பழைய ஃபர்ம்வேர் இந்த டிஸ்க்குக்கு 8எக்ஸுக்கு மேல் காட்டாதது அதனால்தான்.

அப்டேட் செய்யும்போது மாடல் எண் மட்டும் பொருந்தினால் போதாது. லேபிளில் உள்ள ஹார்டுவேர் ரிவிஷனும் பொருந்த வேண்டும். லேப்டாப் கம்பெனிக்காகச் செய்த டிரைவுக்குக் கடையில் விற்கும் டிரைவின் ஃபைல் பெரும்பாலும் ஏறாது. டிஸ்க்கை வெளியே எடுத்து, யுஎஸ்பி அடாப்டரைக் கழற்றி, மதர்போர்டு சாட்டாவில் நேரடியாக மாட்டி, யுபிஎஸ்ஸில் வைத்து ஃபிளாஷ் செய்யவும். நடுவில் கரண்ட் போனால் டிரைவ் அடையாளமே தெரியாமல் போகலாம். முடிந்ததும் ரீஸ்டார்ட் போதாது. கம்ப்யூட்டரை முழுதாக அணைத்துப் போடவும்.

புதிய ஃபர்ம்வேரில் 16எக்ஸ் வந்தது. ஆனாலும் 8எக்ஸில் எழுதியதே நல்லது. 16எக்ஸ் என்பது சிஏவி, அதாவது டிஸ்க் ஒரே சுழல் வேகத்தில் சுற்றும் முறை: உள்ளே சுமார் 6.6எக்ஸில் தொடங்கி வெளி விளிம்பில்தான் 16ஐத் தொடும். முழு டிஸ்க்குக்கு மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம். ஸ்கேன் கிராஃபில் அந்த விளிம்பில்தான் பிஐ எரர் (படிக்கும்போது தெரியும் பிழைகள்) மேலே ஏறுகிறது. 8 இசிசி பிளாக்குக்கு (பிழை திருத்தத்துக்கான தரவுத் தொகுதி) 280 வரை பிஐஇ (பிஐ எரர்), ஒரு பிளாக்குக்கு 4 வரை பிஐஎஃப் (முதல் கட்டத் திருத்தத்தில் சரியாகாத பிழை) என்பது வரம்பு. வரம்புக்குள் இருந்தாலும் கோடு சீராகப் போகும் டிஸ்க்கைத்தான் பத்திரப்படுத்த வேண்டும். நடுவில் ஒரே இடத்தில் ஊசி போல எழும்பினால், இசட்-சிஎல்வியில் (வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி எழுதும் முறை) வேகம் மாறும்போது லேசர் நின்று தொடர்ந்த இடமாக இருக்கலாம். எழுதியபின் வெரிஃபை செய்தால் டிஸ்க் இன்று படிக்கிறதா என்று மட்டுமே தெரியும். எரர் எவ்வளவு என்பதை ஸ்கேன்தான் காட்டும். எல்லா டிரைவும் ஸ்கேனுக்கு உதவாது, லைட்-ஆன் மாடல்கள் பல உதவும்.

எழுதும் முறையில் ஆடியோ சிடிக்கு டிஏஓ (டிஸ்க்-அட்-ஒன்ஸ், முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் எழுதுவது) மட்டுமே. டிஏஓவில் லேசர் நிற்காது. டிஏஓ இல்லாமல் டிராக் டிராக்காக எழுதும் டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் ஒவ்வொரு டிராக்குக்கும் இடையே 2 விநாடி இடைவெளி விழும். ராகம் தானம் பல்லவியை டிராக்குகளாகப் பிரித்திருந்தால் தானம் நடுவில் அறுந்துபோகும். க்யூ ஷீட்டில் (டிராக்குகளின் வரிசையையும் இடத்தையும் சொல்லும் ஃபைல்) இரண்டாம் டிராக் முதல் ப்ரீகேப்பை (டிராக்குக்கு முன் வரும் இடைவெளி) பூஜ்யமாக்கவும். சிடி-ஆரில் மல்டிசெஷனை (ஒரே டிஸ்க்கில் பல தவணைகளாக எழுதுவது) தவிர்க்கவும்: முதல் செஷனை மூடி அடுத்ததைத் திறக்கவே சுமார் 22 எம்பி போகும், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 13 எம்பி.