ரெண்டு பாஷை போட்ட சோறு

இன்னையோட துபாய் வந்து 11 வருஷம். டிவி சேனல்ல பப்ளிசிட்டி வேலைன்னா ஊர்ல பாதிப் பேரு நான் டிவில வருவேன்னு நெனைக்காங்க. அப்படி இல்ல, புது சீரியல் வருதுன்னா கதைச்சுருக்கம், ஸ்டில்ஸ், பிரஸ் நோட், போஸ்டர் எல்லாம் பத்திரிகைக்கும் ரேடியோவுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரணும், அதான் எங்க வேலை.

இந்த வேலை கெடைச்சதே எங்க ஊரு செங்கோட்டையாலதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்த ஊரு, வீட்டுப் பழைய பத்திரம் மலையாளத்துலதான் கெடக்கு, தாத்தா அதுல விரலை வச்சு வாசிச்சுக் காட்டித்தான் எனக்கு அந்த எழுத்தே வந்துச்சு. இன்டர்வியூல ஒரே நோட்டை ரெண்டு பாஷைலயும் எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். அப்படியே மாத்தி எழுதுனா நிக்காது, மலையாளிக்கு மொத வரி வேற, நம்மாளுக்கு வேற.

மொத வருஷம் ஒரு போஸ்டர்ல வெறும் 7.30ன்னு போட்டு அனுப்பிட்டேன், அது இந்திய நேரம், இங்க 6 மணி. ஒரு அக்கா போன் பண்ணி "தம்பி, ஷிப்ட் முடிச்சு ஏழரைக்கு ஓடியாந்து உக்காந்தா வேற என்னமோ ஓடுதே"ன்னாங்க. கோவம்கூட இல்ல, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. அன்னைலருந்து ரெண்டு நேரத்தையும் சத்தமா வாசிக்காம ஒரு டிசைனும் அனுப்புனதில்ல.

புளியரை, தென்காசி பக்கம் யாருக்காச்சும் இந்த வேலைக்கு வர ஆசை இருந்தா ரெண்டு பாஷைலயும் ஒரு நோட்டு எழுதி இன்பாக்ஸ்ல போடுங்க, ராத்திரி உக்காந்து படிச்சுட்டு சொல்றேன்.