இரண்டே முக்கால் பவுண்

கார்த்திகை 3
கார் காபரேற்றர் நிரம்பி வழியுது. கழற்றிப் பார்த்தால் புளோட்டுக்குள், பெற்றோல் மட்டம் ஏற மிதந்து நீடிலால் வழியை அடைக்கிற பித்தளைக் குண்டுக்குள், பெற்றோல் குலுங்குது. தகடு காகிதம் மாதிரி மெலிஞ்சு போச்சு, இனி ஈயம் ஒட்டினாலும் நிற்காது. 1951 ஒஸ்ரின் ஏ-40க்கு எந்தக் கடையில் புளோட் கேட்பது?

ஆஸ்பத்திரி வாட்டில் அப்பா இன்றும் பேசவில்லை.

கார்த்திகை 4
மாட்டுக்கொட்டில் வளையில் அப்பா தொங்கவிட்ட ரின்னுக்குள் பழைய புளோட் ஒன்று கிடந்தது. விளிம்பில் மயிர் போல வெடிப்பு. மூத்திர நெடியில் வரும் அமோனியாவின் வேலை. அடித்து இறுகின பித்தளையை அது பிளந்துவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் வைத்த தோட்டாக் கோதுகள் மாரியில் வெடிப்பு விட்டதும் இதனால்தான். மேலே ஒரு பொட்டு ஈயம், ஏதோ ஓட்டையை அடைத்திருக்கிறார். மாதிரிக்கு இது காணும்.

கார்த்திகை 6
கஸ்தூரியார் வீதித் தட்டார் ஐயா தன் தராசில் நிறுத்தார். இரண்டே முக்கால் பவுண். பொன் குண்டுக்கு இரண்டு பாதி அடித்து ஒட்டுகிற மாதிரித்தான் இதுவும் என்றார். குழிக்கட்டையும் தந்துவிட்டார். "அடிக்க அடிக்க இறுகும் தம்பி. கிழிய முதல் காய்ச்சு."

கார்த்திகை 7
கிழிந்தது.

கார்த்திகை 8
கிழிந்தது.

கார்த்திகை 10
பிழை வெளிச்சத்தில். பகலில் காய்ச்சினால் சிவப்புத் தெரியாது, கூடக் காய்ந்து தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரத்துப் போகும். இன்று குசினி விளக்கை நூர்த்துவிட்டு, மங்கல் சிவப்புக் கண்டவுடன் தண்ணீரில் போட்டேன். இரும்பென்றால் இறுகியிருக்கும், பித்தளை பூவாய் இருந்தது. பழப்புளியில் கழுவி, கொஞ்சம் அடித்து, திரும்பக் காய்ச்சி, ஐந்து தரம். இரண்டு பாதியும் வந்துவிட்டது. அம்மா இருட்டிலேயே சோறு போட்டா.

கார்த்திகை 11
ஒட்டியாயிற்று. சுடுநீரில் அமுக்கினேன், ஒரு குமிழும் இல்லை. நிறை காணாது. ஈயம் வைத்து இரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்தேன்.

கார்த்திகை 12
பூட்டினேன். வழியுது.

கார்த்திகை 13
வழியுது. நீடில் சரி, வோசர் சரி. இரண்டே முக்கால், இரண்டே முக்கால்.

கார்த்திகை 14
பழைய புளோட்டை அப்பாவின் கையில் வைத்தேன். பெருவிரலால் அந்த ஈயப் பொட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "எண்ணெய்." பன்னிரண்டு நாளில் முதல் சொல். அம்மா அழுதுகொண்டு ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் வாங்கிவந்து தலையில் வைத்தா. அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார்.

கார்த்திகை 15, விடிய 3 மணி
மண்ணெண்ணெய்! 90க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார் இது. மண்ணெண்ணெய் பெற்றோலை விடப் பாரம். புளோட் கூட மிதந்து நேரத்தோடு அடைத்துவிடும். அதற்காகத்தான் ஈயம் வைத்திருக்கிறார். அது ஓட்டை அடைத்த ஈயமே இல்லை.

சுரண்டி எடுத்தேன். விடியத் தட்டாரிடம் நிறுக்க வேண்டும்.

கார்த்திகை 15
அந்தப் பொட்டு அரைப் பவுண்.

கார்த்திகை 16
இரண்டே கால். வழியவில்லை. மூன்றாம் தரம் ஹாண்டில் சுற்ற எழும்பியது. சத்தத்தைப் போனில் பதிந்தேன். பின்னேரம் ஆறு மணிக்கு வாட்டுக்குக் கொண்டுபோக